சாமித்தட்டுக்குப் பின்னால் ஆறடி ஈயக் குழாய்

வீடு விற்கிறவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. வாங்குகிறவர்கள் மேல் அதைவிடக் கோபம். விற்கிறவர் சுவருக்குப் புதுப் பெயின்ற் அடித்து வைப்பார். வாங்குகிறவர் அந்தப் பெயின்ற்றைப் பார்த்து மயங்குவார். உறுதிப் பத்திரத்தை இரண்டு சட்டத்தரணிகளிடம் காட்டுவார், வாசல் பார்க்கும் திசையைச் சாத்திரியாரிடம் கேட்பார், மாமரம் காய்க்குமா என்றுகூடக் கேட்பார். குசினிக்குள் போய்க் குழாயைத் திறப்பார். தண்ணீர் வரும். சரி என்று மூடிவிட்டு வந்துவிடுவார். அந்தத் தண்ணீர் எதற்குள்ளால் வருகிறது என்று ஒருவரும் கேட்பதில்லை.

எங்கள் தண்ணீர்க் கந்தோர் ஊழியர் சங்கத்தின் ஆண்டு மலருக்கு என் சேவைக்கால அனுபவத்தை எழுதித் தரச் சொல்லி இப்போது வேலையில் இருக்கிறவர்கள் கேட்டார்கள். போன மலரில் எழுதியவர் தனக்குக் கிடைத்த மாலைகளைப் பற்றி எழுதியிருந்தார். எனக்கு ஒருவரும் மாலை போடவில்லை. திருகோணமலை நகரத்தில் முப்பத்து நான்கு வருடம் தண்ணீர்க் குழாய் பொருத்தினேன். அதில் நான் செய்த ஒரு பிழையைத்தான் எழுதப் போகிறேன். பிடிக்காவிட்டால் போடாதீர்கள்.

வேலை பழகிய கதையை நீட்டத் தேவையில்லை. இரண்டு வருடம் கிடங்கு வெட்டினேன். ஒரு வருடம் இரும்புக் குழாய்க்கு மரை வெட்டினேன். பிறகு ஸ்பனரைக் கையில் தந்தார்கள். தந்தவர் எங்கள் வேலைகளை மேற்பார்வை பார்த்த ஓவசியர் தில்லையம்பலம்.

ஓவசியர் மெலிந்த மனிதர். சத்தம் போட மாட்டார். கோபம் வந்தால் இன்னும் மெல்லமாகக் கதைப்பார். அப்போது நாங்கள் கிட்டப் போய் நின்று கேட்க வேண்டும். அது ஏச்சைவிடக் கொடுமை. நிலத்துக்குக் கீழே குழாய் எங்கே ஒழுகுகிறது என்று பிடிக்க இப்போது காதில் மாட்டுகிற மெஷின் வந்திருக்கிறது. நல்ல மெஷின், நான் குறை சொல்லவில்லை. ஓவசியரிடம் இருந்தது இரண்டு உள்ளங்கால். மத்தியானம் இரண்டு மணி வெயிலில் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு றோட்டோரமாக நடப்பார். கொதிக்கிற மணலில் ஓரிடம் குளிர்ந்தால் நிற்பார். “இதில வெட்டு” என்பார். வெட்டினால் தண்ணீர் இருக்கும். ஒரே ஒரு தடவை இடுப்பளவு வெட்டியும் ஒன்றும் வரவில்லை. பிறகுதான் தெரிந்தது, யாரோ மீன் பெட்டியை ஐஸோடு அதில் வைத்துவிட்டு எடுத்துப் போயிருக்கிறார்கள். அவர் சிரிக்கவில்லை. குனிந்து மணலை எடுத்து மணந்து பார்த்தார். “சூரை” என்று சொல்லிவிட்டு நடந்தார். நாங்கள் கிடங்குக்குள் விழுந்து சிரித்தோம்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. இரும்புக் குழாயின் மரையில் சணல் சுற்றி, பெயின்ற் பூசி இறுக்குவோம், அப்போதுதான் ஒழுகாது. அந்தச் சணல் எங்கள் எல்லோருடைய சட்டைப் பையிலும் இருக்கும். ஒரு வேலை அரைகுறையாக நின்றால் ஓவசியர் ஒரு சணலைத் தன் சைக்கிள் ஹாண்டிலில் முடிந்துவிடுவார். வேலை முடிந்த பிறகுதான் அறுப்பார். சாமான் தட்டுப்பாடான காலங்களில் ஹாண்டில் முழுக்கச் சணல் தொங்கும். “ஓவசியற்ற சைக்கிளுக்குச் சவரம் எடுக்கவேணும்” என்று கடைக்காரர்கள் பகிடி பண்ணுவார்கள். எங்களையும் அப்படியே முடியச் சொன்னார். பின்னேரம் கந்தோருக்கு வந்தால் ஒரே ஒரு கேள்விதான்.

“முடிஞ்சுதோ?”

“முடிஞ்ச மாதிரித்தான் ஐயா.”

“மாதிரி எண்டால் முடியேல்லை. முடி.”

இனி, அந்தப் பிழை நடந்த வீடு.

ஓர்ஸ் ஹில் மேட்டில் ஒடுங்கிய ஓர் ஒழுங்கையின் உச்சியில் இருக்கிறது. றோட்டிலிருந்து இருபத்திரண்டு படி. வெள்ளைக்காரன் காலத்தில் கடற்படை உத்தியோகத்தர் ஒருவருக்காகக் கட்டியது. அந்தக் காலத்து வீடுகளில் பலவற்றுக்கு ஈயக் குழாய்தான் போட்டிருந்தார்கள். ஈயம் மெத்தென்று வளையும், வேலைக்குச் சுகம். ஆனால் அதற்குள் நிற்கிற தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். ருசி தெரியாது, மணம் தெரியாது. பெரியவர்களுக்கே கூடாது, வயிற்றுப் பிள்ளைக்கும் குழந்தைக்கும் மகா கெடுதி. ஈயத்தைக் கண்டால் கழற்றி எறி என்பது ஓவசியர் எங்களுக்குச் சொன்ன முதல் பாடம்.

சண்டைக் காலம். முற்றத்தில் குழாய் வெடித்துவிட்டது என்று அந்த வீட்டிலிருந்து அறிவித்தார்கள். இராசமலர் ரீச்சரும் அவருடைய தகப்பனும் இருந்த வீடு. நான் போனபோது தகப்பன் செத்து ஏழு நாள். ரீச்சர் தனியே இருந்தார். மீற்றரிலிருந்து குசினி வரைக்கும் மூன்று நாளில் ஈயத்தைத் தோண்டி எடுத்துப் புதுக் குழாய் போட்டேன். மூன்று நாளும் நேரத்துக்குத் தேத்தண்ணீர் வந்தது. கடைசியில் சுவருக்குள் ஆறடி மிஞ்சியது. அந்தச் சுவருக்கு ஒரு பக்கம் குசினி, மற்றப் பக்கம் சாமியறை. குசினிப் பக்கம் கல்லுப் பதித்த அடுப்பு மேடை. சாமியறைப் பக்கமாகத்தான் உடைக்க வேண்டும். அங்கே சாமித்தட்டு.

“படங்களை இறக்கி வையுங்கோ ரீச்சர். சுவரை உடைக்கவேணும்.”

“என்ன தம்பி கதைக்கிறீங்கள்? அப்பா செத்து ஒன்பது நாள். நான் துடக்கு. சாமியறைக்குள்ள கால் வைக்க ஏலாது.”

“அப்ப நான் இறக்கிறன்.”

“மூண்டு நாளாய் இந்த வீட்டில தேத்தண்ணி குடிக்கிறீங்கள். நீங்கள் மட்டும் என்ன, சுத்தமோ?”

எனக்குச் சிரிப்பு வந்தது. வாதாடவில்லை. செத்த வீட்டில் முப்பத்தொராம் நாள் வரைக்கும் தீட்டு, சாமியறை பூட்டித்தான் இருக்கும், அது எனக்கும் தெரிந்ததுதான். புதுக் குழாயையும் பழைய ஈயத்தையும் ஒரு பித்தளைத் துண்டால் பொருத்தி, மேலே சீமெந்து பூசினேன்.

“முப்பத்தொண்டு முடிய வாறன் ரீச்சர். அதுமட்டும் விடியக் காலமை வாற முதல் வாளித் தண்ணியைக் குடிக்கவும் சமைக்கவும் எடுக்காதேங்கோ. ராமுழுக்க ஈயத்துக்குள்ள நிண்ட தண்ணி. மரத்துக்கு ஊத்துங்கோ.”

“ஓம் தம்பி. செவ்வரத்தைக்கு ஊத்துறன்.”

பின்னேரம் ஓவசியர் கேட்டார், முடிந்ததோ என்று. ஆறடி மிச்சம் என்றேன். காரணத்தையும் சொன்னேன். அவர் என் சைக்கிளைக் கண்ணால் காட்டினார். சணலை முடிந்தேன். அது என் ஹாண்டிலில் மூன்றாவது முடிச்சு.

இருபதாம் நாளோ என்னவோ எனக்குப் புல்மோட்டைக்கு மாற்றம் வந்தது. அந்த நாட்களில் புல்மோட்டைக்குப் போனவன் நினைத்த நேரம் திரும்ப ஏலாது. பாதை திறந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. சைக்கிளை விற்றுவிட்டுப் போனேன். வாங்கியவன், இதென்ன குப்பை தொங்குது என்று கேட்டான். நான் கத்தியை எடுத்து மூன்று சணலையும் அறுத்தேன். யாரும் அறுக்கச் சொல்லவில்லை. எந்த முடிச்சு எந்த வீடு என்று எனக்கு நன்றாகத் தெரியும். என் இடத்துக்கு வருகிறவன் பார்த்துக்கொள்வான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவனிடம் அதைச் சொல்லவுமில்லை.

ஓவசியர் நான் புல்மோட்டையில் இருக்கும்போதே மோசம் போனார். செத்த வீட்டுக்கும் வர முடியவில்லை. சில வருடங்களில் திரும்பவும் நகரத்துக்கு வந்தேன். ஓர்ஸ் ஹில் பக்கம் நூறு தடவை போயிருப்பேன். அந்த ஒழுங்கை வரும்போது சைக்கிளை மிதித்துத் தாண்டிவிடுவேன். இத்தனை காலத்துக்குப் பிறகு என்ன முகத்தோடு படி ஏறுவது? வெட்கம்தான், வேறொன்றும் இல்லை. நாள் போகப் போக வெட்கம் கூடியதே தவிரக் குறையவில்லை. அப்படியே ஓய்வும் பெற்றேன்.

போன பங்குனியில் நிர்மலன் என்ற ஒருவர் வந்தார். சல்லி என்ற ஊரவர், துறைமுகப் பக்கம் படகு எஞ்சின் திருத்துகிறவர். எஞ்சின்காரன் என்பதால் புத்தி இருந்தது. “அண்ணை, ஒரு வீடு வாங்கப் போறன். கட்டிடம் பார்த்தாச்சு. பைப் வேலையை ஒருக்கா நீங்கள் பார்த்துச் சொல்லுங்கோ” என்றார். என் வாழ்நாளில் ஒருவர் இப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. சந்தோசத்தில் எந்த வீடு என்று கேட்காமல் அவருடைய மோட்டார் சைக்கிளில் ஏறிவிட்டேன். ஒழுங்கை திரும்பியபோதுதான் எந்த வீடு என்று தெரிந்தது, இனி இறங்கவும் ஏலாது.

நிர்மலனின் தகப்பனும் மனைவி சுகந்தியும் ஆட்டோவில் முன்னரே வந்திருந்தார்கள். சுகந்திக்கு ஆறு மாதம். ரீச்சர் வாசலில் நின்று கைப்பைக்குள் கதவுத் திறப்பைத் துழாவிக்கொண்டிருந்தார். எழுபது தாண்டிவிட்டது. கண்ணில் மங்கல், வலது முழங்கால் மடியாது. ஒவ்வொரு படியிலும் காலைப் பக்கவாட்டாக வைத்து ஏறி வந்தவர் இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். அந்தப் படிகளால்தான் வீட்டை விற்கிறார். நிலாவெளியில் தங்கச்சி வீட்டுக்குப் பக்கத்தில் படி இல்லாத சின்ன வீடு ஒன்று பார்த்து வைத்திருந்தார். இது விலைப்பட்டால்தான் அது. முன்பு வந்த இரண்டு பேரும் படியைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்களாம். தங்கச்சி வீட்டில் இரண்டு நாள் நின்றுவிட்டு அன்று காலைதான் பஸ்ஸில் வந்திருந்தார்.

“பைப் பார்க்க ஆர் வந்திருக்கிறது?”

“கந்தோரில இருந்தவர் ரீச்சர்” என்றார் நிர்மலன்.

நான் ரீச்சருக்கு முகம் காட்டாமல் நேரே மீற்றருக்குப் போனேன். எல்லாக் குழாயையும் பூட்டச் சொன்னேன். மீற்றர்க் கண்ணாடியில், சின்னச் சக்கரத்தின் பல்லுக்கு நேரே பென்சிலால் கோடு போட்டுக் கால் மணி நேரம் பார்த்தேன். சக்கரம் அசையவில்லை. அப்போ ஒழுக்கு இல்லை. கக்கூஸ் தொட்டிக்குள் துணிக்குப் போடும் நீலத்தைக் கரைத்து ஊற்றிக் கோப்பையைப் பார்த்தேன். நீலம் இறங்கவில்லை. மேலே ஏறித் தாங்கியின் மூடியைத் திறந்து அடியில் மண்டி எவ்வளவு என்று தடி விட்டுப் பார்த்தேன். ஒரு மணி நேரத்தை இப்படிக் கழித்தேன். குசினிச் சுவரைக் கடைசிக்கு வைத்தேன். வைத்ததற்கான காரணம் உங்களுக்குத் தெரியும்.

குசினிக்குள் போனேன். அடுப்பு மேடைக்கு மேலே குழாய் வெளியே வரும் இடத்தில் காந்தத்தை வைத்தேன். ஒட்டவில்லை. கத்தி நுனியால் ஒரு கீறல் கீறினேன். வெள்ளி மாதிரி மினுங்கியது, அதே ஈயம். என் சீமெந்துப் பூச்சும் அப்படியே இருந்தது, கரண்டியை இடப்பக்கம் இழுத்து முடிக்கிற என் பழக்கம் அதில் தெரிந்தது.

அப்போது சுகந்தி தண்ணீர் குடிக்க வந்தாள். கோப்பையைக் குழாய்க்குக் கீழே பிடித்தாள். அவள் திறக்க முதல், வெளியே கதிரையில் இருந்த ரீச்சர் பள்ளிக்கூடக் குரலில் கத்தினார்.

“பிள்ளை! பொறு, பொறு! அதைத் திறக்காதை! ரெண்டு நாளாய்ப் பூட்டிக் கிடந்த வீடு. முதல் வாளி இன்னும் பிடிக்கேல்லை.”

காலை இழுத்துக்கொண்டு உள்ளே வந்தார். வாளியை வைத்து நிரப்பினார். நிர்மலன் அதைத் தூக்கினார்.

“இதை எங்க ஊத்துறது ரீச்சர்?”

“செவ்வரத்தைக்கு. இண்டைக்கு ரெண்டு வாளி பிடி, ரெண்டு நாள் கணக்கு.”

“என்னத்துக்கு இது?”

“முந்தி ஒரு பைப்காரத் தம்பி சொன்னவர். தான் வந்து மாத்துமட்டும் அப்பிடிச் செய்யச் சொல்லி. இன்னும் வரேல்லை.”

கோபமாகச் சொல்லவில்லை. தபால்காரர் இன்னும் வரவில்லை என்று சொல்வது போலச் சொன்னார். இருபத்தைந்து வருடத்துக்கு மேல், ஒவ்வொரு விடியலும் ஒரு வாளி.

நான் பொல்லாத மனிதன். ஆனால் அதற்கு மேல் வாயை மூடிக்கொண்டு நிற்க எனக்கு ஏலாது.

“அந்தப் பைப்காரன் நான்தான் ரீச்சர்.”

கிட்ட வந்து என் முகத்தை ஒரு சாண் தூரத்தில் பார்த்தார்.

“சிவமோ?”

“ஓம்.”

“மெலிஞ்சு போனீங்கள்” என்றார். பிறகு, “முப்பத்திரண்டாம் நாள் சாமிப் படமெல்லாத்தையும் இறக்கிக் கட்டில்ல அடுக்கி வைச்சனான். நாலு நாள் சாமி கட்டில்ல, நான் நிலத்தில பாய் போட்டுப் படுத்தனான். அஞ்சாம் நாள் திரும்ப ஏத்தியிட்டன்.”

அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நிர்மலனிடமும் சுகந்தியிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். சுவருக்குள் ஆறடி ஈயம் இருக்கிறது, கழற்றாமல் விட்டவன் நான், குழந்தை வரும் வீட்டில் அது இருக்கக் கூடாது. சுகந்தி கோப்பையை மேடையில் வைத்துவிட்டுக் கையைச் சேலையில் துடைத்தாள்.

“எனக்கு இந்த வீடு வேண்டாம்.”

ரீச்சர் குசினிக் கதிரையில் இருந்துகொண்டு முழங்காலைத் தடவினார். அந்தத் தடவலைப் பார்த்ததும் எனக்குக் கோபம் வந்தது. என் மேல்தான், ஆனால் சத்தம் மற்றவர்கள் மேல் போனது.

“வேண்டாமெண்டு சொல்லுறதெண்டால் நாளைக்குச் சொல்லுங்கோ. நாளைக்கு நான் சுவரை உடைச்சுக் கழட்டுறன். எனக்கு ஒண்டும் தர வேண்டாம். பக்கத்தில நிண்டு பாருங்கோ, பிறகு வேணுமோ வேண்டாமோ எண்டு சொல்லுங்கோ.”

முற்றத்தில் தேங்காய் எண்ணிக்கொண்டிருந்த நிர்மலனின் தகப்பன் இதைக் கேட்டு உள்ளே வந்தார். கடற்கரையில் நின்று வலை இழுக்கிற கரைவலைக்காரர், அகன்ற தோள்.

“சுவர் உடைக்கிறதோ? மருமகள் வயித்தோட இருக்கேக்க வீட்டுச் சுவரில ஒரு ஆணி அடிக்கவும் விடமாட்டன். பிள்ளை பிறக்கட்டும். பிள்ளைத் துடக்கு முப்பத்தொண்டு கழியட்டும். பிறகு உடைக்கலாம்.”

முப்பத்தொண்டு! எனக்குத் தலைக்குள் ஏதோ வெடித்தது.

“அண்ணை, அந்த முப்பத்தொண்டாலதான் இந்தக் குழாய் இவ்வளவு காலம் கிடந்தது! அப்ப செத்தவருக்காக நிண்டம், இப்ப பிறக்கப் போறதுக்காக நிக்கச் சொல்லுறியள். பிறந்து முப்பத்தொரு நாளும் அந்தப் பிள்ளை எந்தத் தண்ணியில கரைச்ச பால்மாவைக் குடிக்கும்?”

“நீ கத்தினாலும் முறை முறைதான்.”

“சரி, முறையைக் கேக்கிறன். உங்கட வீட்டுச் சுவரைத்தானே உடைக்கக் கூடாது?”

“ஓம்.”

“உறுதி எழுதியாச்சோ?”

அவர் என்னைப் பார்த்தார். மகனைப் பார்த்தார். தாடையைச் சொறிந்தார்.

“இல்லை.”

“அப்ப இது ஆற்ற வீடு?”

“ரீச்சற்ற வீடு.”

“ரீச்சற்ற வீட்டில ஆரும் வயித்தோட இருக்கினமோ?”

முதலில் சிரித்தது ரீச்சர்தான். பிறகு சுகந்தி. கரைவலைக்காரர் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல், “இவன் பைப்காரன் இல்லை, கோட்டில வாதாடுற புறக்கிராசி” என்றார். உறுதி எழுத முதல் உடைக்கலாம் என்று அவரே தீர்ப்புச் சொன்னார். சுகந்தி மட்டும் அன்றைக்கு அந்தப் பக்கம் வரக்கூடாது.

அடுத்த நாள் நான் போனபோது படங்கள் எல்லாம் கட்டிலில் இருந்தன. ரீச்சர் ஒரு வெள்ளைத் துணியால் போர்த்தியிருந்தார். “இந்த முறை ஒரு நாள்தான்” என்றேன். “பார்ப்பம்” என்றார். மத்தியானத்துக்குள் ஈயத்தை எடுத்துவிட்டேன். புதுக் குழாயைச் சுவருக்குள் புதைக்கவில்லை, குசினிச் சுவரின் வெளியாலே விட்டேன். வடிவில்லை என்றார் நிர்மலன். வடிவில்லாமல் இருக்கட்டும், கண்ணுக்குத் தெரியட்டும். இனி யாரும் எந்த நாளும் சாமியைக் கேட்காமல் அதைத் திருத்தலாம். இரத்தம் சோதிக்கச் சொல்லி ரீச்சரை ஆஸ்பத்திரிக்கும் அனுப்பினேன். வயதுக்குப் பிழையில்லை என்றார்களாம். அந்த வாளிதான் காப்பாற்றியது. என் கெட்டித்தனம் ஒன்றும் இல்லை, அவருடைய சொல் தவறாமை.

வெட்டிய ஈயத்தை நான் சாக்கில் கட்டும்போது கரைவலைக்காரர் வந்து நின்றார். “அதை எறியாதை. வலை அமிழ மணி கட்ட ஈயம் வேணும்.” வெளியே, காற்றுப் பக்கம் முதுகைக் காட்டி உருக்கச் சொன்னேன். மருமகள் கிட்டவும் வரக்கூடாது என்றேன். ஓம் ஓம் என்று சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு இருபத்திரண்டு படியும் இறங்கினார்.

நிர்மலன் பேரில் உறுதி எழுதியாயிற்று. ரீச்சர் நிலாவெளியில் இருக்கிறார். செவ்வரத்தையில் ஒரு கொப்பு வெட்டிக்கொண்டு போய் நட்டிருக்கிறார். சுகந்திக்குப் பெண் பிள்ளை.

நான் அறுத்த சணல் மூன்று என்று எழுதினேன். ஒரு வீட்டை இடித்துக் கடை கட்டிவிட்டார்கள். மற்றது உட்துறைமுக வீதியில் இருக்கிறது. போன கிழமை ஸ்பனரையும் காந்தத்தையும் பைக்குள் போட்டுக்கொண்டு போனேன். படலையில் நாய் குரைத்தது. முன்பு இருந்தவர்கள் இல்லை, யாரோ புது அம்மா ஒருவர் வெளியே வந்தார்.

“பைப் வேலையோ? நாங்கள் ஒருத்தரையும் கூப்பிடேல்லையே.”

“நீங்கள் கூப்பிடேல்லை அம்மா. நான் வாறன் எண்டு சொல்லிப்போட்டுப் போனனான். நாயைப் பிடியுங்கோ.”